நனைந்த துணியின் பாரம்

தூரிகையைத் தொடுவதற்கு முன் கமலேஸ்வரி கைகளைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்பின் நிலவறையில் பொதுச் சலவை அறை இருக்கிறது. அதன் மூலையில் நிற்கும் பெரிய உலர்த்தி இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார். உள்ளே யார் வீட்டுத் துணியோ சுழன்றுகொண்டிருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ வழிபாடு என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். சூடு ஏறியதும் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "தாங்ஸ், என்ன" என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டு, எதிரே உள்ள கனத்த இரும்புக் கதவைத் தோளால் தள்ளித் திறப்பார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது ஒரு பதுங்கு அறை. எழுபதுகளில் ஆஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் இந்தக் கட்டடங்களைக் கட்டியபோது, போர் வந்தால் குடியிருப்பவர்கள் ஒளிந்துகொள்வதற்காக அடியில் அமைத்தது. போர் வரவில்லை. உடைந்த சைக்கிள்களும் பனிச்சறுக்குக் கட்டைகளும்தான் முப்பது வருடம் அங்கே ஒளிந்துகொண்டிருந்தன. இப்போது அதில் பதினான்கு குழல்விளக்குகள் எரிகின்றன. சுவரோரம் சாய்த்து வைத்த ஓவியங்களில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு. மனிதர் ஒருவரும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டு நகர அருங்காட்சியகங்களில் கமலேஸ்வரியின் ஓவியங்கள் தொங்குகின்றன. ரொம்சோஸில் அவரைக் கமலாக்கா என்றால்தான் தெரியும்.

நாற்பத்தெட்டு வயது. குள்ளம். கணவரின் பழைய தபால் துறைச் சட்டையை மேலே மாட்டியிருப்பார். அதன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துணிக் கிளிப்பு. படம் வரையும்போது முன்மயிரைத் தூக்கி அதில் கவ்விவிடுவார். அந்தக் கோலத்திலேயே கடைக்கும் போய்விடுவார். பேருந்து ஓட்டுநருக்கு நன்றி, தானாகத் திறக்கும் கடைக் கதவுக்கு நன்றி, குப்பை அள்ளும் வண்டிக்குக் கை அசைத்து நன்றி. நார்வேக்காரர்கள் ஒருவரை மறுபடி சந்தித்தால், 'போன முறைக்கு நன்றி' என்று சொல்வார்கள். மொழி வகுப்பில் அதைக் கேட்ட அன்றே கமலாக்கா அதைப் பிடித்துக்கொண்டாராம். "வேறை ஒண்டும் விளங்கேல்லை. இது ஒண்டு விளங்கினது. அப்ப இந்தச் சனத்தோடை இருக்கலாம் எண்டு நினைச்சன்."

நான் நான்காவது மாடி. கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் வேலைக்காக 2005இல் ஆஸ்லோ வந்தவன். வந்த முதல் வாரம் ஒரு கூடைத் துணியோடு சலவை அறையில் விழித்துக்கொண்டு நின்றபோது, தலையில் கிளிப்பு மாட்டிய ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"துணி துவைக்கணுங்க. எந்த பட்டனை அழுத்தணும்னு தெரியல" என்றேன்.

"ஓ, தோய்க்கோணுமோ? தள்ளுங்கோ தம்பி." நாற்பது டிகிரியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டேன். "நான் படம் கீறுறனான்" என்றார். எங்கள் ஊரில் கீறுவது என்றால் கத்தியால் கீறுவது. ஓவியங்களைக் காட்ட அழைத்துப் போனபோது, எங்கே கிழிசல் என்று அரை நிமிடம் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு தேடுவதை மறந்து போனேன். ஒரு வெள்ளை விரிப்பு, அவ்வளவுதான். ஆனால் அதை இப்போதுதான் யாரோ உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று தோன்றியது.

யாழ்ப்பாணத்திலிருந்து 1984இல் அண்ணனின் தயவில் மெல்போர்ன் போனபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. பதினொரு வருடம். நாளொன்றுக்கு அறுநூறு விரிப்புகள். துணியில் எண் போடும் பேனாவால், பொட்டலம் சுற்றி வந்த தாளில், மதிய இடைவேளையில் கிறுக்கத் தொடங்கினார். மேற்பார்வையாளராக இருந்த இத்தாலியப் பெண்மணி ஒருநாள் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, மாலை நேர ஓவிய வகுப்பின் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வகுப்பு நாட்களில் அரைமணி நேரம் முன்னதாக விடவும் செய்தார்.

வகுப்பில் ஒரு சிக்கல் வந்தது. ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் உன் நாட்டை வரை, உன் துயரத்தை வரை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கமலாக்கா வரைந்து கொண்டுபோனதோ, வாடகை வீட்டுப் பின்வளவில் குடைபோல் விரிந்து காற்றில் சுற்றும் துணிக்கொடி. "எல்லாருக்கும் என்னட்டை யுத்தம் வேணும். நான் என்ன செய்யிறது? என்ரை கண்ணுக்கு முன்னாலை பெட்சீற் காயுது. அதின்ரை வெள்ளையிலை எத்தினை நிறம் கிடக்குது எண்டு தெரியுமே உங்களுக்கு? பின்னேரம் நாலு மணிக்குப் பாத்தா ஊதா!"

1991இல் ஒரு நூலகத்தின் நடைபாதையில் முதல் கண்காட்சி. பன்னிரண்டு படங்களில் ஒன்று விற்றது. வாங்கியவர் பல் மருத்துவர். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டினார். இரண்டு வருடம் கழித்து, ஹெலன் என்ற ஓவியக்கூட உரிமையாளர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தின் எதிரே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய வாயோடு மருத்துவரிடம் ஓவியரின் பெயரை எழுதி வாங்கிப் போனார். அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஹெலனின் கூடத்தில் கமலாக்காவின் கண்காட்சி. 1995இல் சலவைக்கூடத்திலிருந்து நின்றார். 98இல் பெரிய பரிசு ஒன்றின் இறுதிப் பட்டியலில் பெயர் வந்தது, பரிசு கிடைக்கவில்லை. "பல்லுவலிக்குத்தான் நன்றி சொல்லோணும். ஆற்றையோ பல்லு, என்ரை சீவியம்."

நார்வேக்கு அவரைக் கொண்டுவந்தது மழை. 2000ஆம் ஆண்டு மெல்போர்னில் உறவினர் வீட்டுத் திருமணம். பந்தி நடந்துகொண்டிருந்தபோது சடசடவென்று மழை. பின்வளவில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒருவரும் நினைக்கவில்லை. ஆஸ்லோவிலிருந்து வந்திருந்த அருளானந்தன், தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்பவர், மனைவியை இழந்து ஆறு வருடமானவர், இலையை விட்டு எழுந்து ஓடினார். எச்சில் கையால் தொடக்கூடாது என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிளிப்புக் கழற்றி, கசங்காமல் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கமலாக்கா சன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு உடுப்பு எடுக்க ஓடின ஒரு ஆம்பிளையை என்ரை சீவியத்திலை அண்டைக்குத்தான் கண்டனான்" என்பார். அருளானந்தன் பக்கத்தில் இருந்தால், "சோறு ஆறிப் போச்சு. அதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்று சேர்த்துக்கொள்வார்.

அருளானந்தனை மணந்து, 2001 நவம்பரில் கமலாக்கா ஆஸ்லோவில் வந்து இறங்கினார். பிற்பகல் மூன்றரைக்கு இருட்டு. வெளியே ஒரு கொடியில்லை, கொடியில் ஒரு துணியில்லை. ஓராண்டு எதையும் வரையவில்லை. பிறகு ஒருநாள் இந்தச் சலவை அறையில், குழல்விளக்கின் கீழே காய்ந்துகொண்டிருந்த யாரோ வீட்டு விரிப்பைப் பார்த்துவிட்டு நின்றாராம். வெயிலே படாத வெள்ளை. அதில் பச்சை இருந்தது, சாம்பல் இருந்தது. குடியிருப்புக் குழுத் தலைவர் பியோர்னிடம் போய், தனக்குத் தெரிந்த எண்பது நார்வேஜியச் சொற்களைக்கொண்டு பதுங்கு அறையைக் கேட்டார். பியோர்ன் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அளந்து பேசுபவர். சைக்கிள்களை நீங்களே ஒதுக்கிக்கொள்ளுங்கள், வசந்தகாலத்தில் எல்லோரும் கூடி வளாகத்தைத் துப்புரவு செய்யும் நாளில் பெஞ்சுகளுக்கு நீங்கள்தான் பச்சை அடிக்க வேண்டும் என்றார். முதல் வருடம் ஒரு பெஞ்சுக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். பியோர்ன் கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். அடுத்த வருடம் குப்பை பொறுக்கும் பணிக்கு அவரை மாற்றிவிட்டார்.

இரண்டாவது மாடி ராசமணிக்கு அந்த அறை பங்கர்தான். தொண்ணூறுகளில் ஊரைவிட்டு வந்த பெண்மணி. காலையில் பக்கத்துப் பகுதியான குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடம் துப்புரவு செய்கிறார். "ஊரிலை பங்கர் வெட்டினது ஒளிக்க. கமலாக்காவுக்குப் பங்கர் கிடைச்சது கீற" என்று சொல்லிச் சிரிப்பார்.

2006 பிப்ரவரியில் அது நடந்தது. பட்டப்பகல், நல்ல வெயில்கூட. ரொம்சோஸ் சுரங்க ரயில் நிலையம் பாறைக்குள் குடைந்தது. மேலே ஏறி வந்து நாலடி வைத்தால் கடை. அந்த நாலடியில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. கமலாக்கா வலக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிடும், நரம்பு நசுங்கியிருக்கிறது, விரல்களில் உணர்ச்சி திரும்ப ஒரு வருடம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். மெல்போர்னில் செப்டம்பரில் கண்காட்சி. பதினொரு படம் என்று பேச்சு. முடிந்திருந்தவை மூன்று.

மார்ச் முதல் வாரம் ஒரு மாலை எங்கள் வீட்டு மணி அடித்தது. கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு நின்றார். "தம்பி, ஒரு கடிதம் தட்டித் தரேலுமோ? என்ரை கையாலை ஏலாது."

ஹெலனுக்கு மின்னஞ்சல். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கண்காட்சியை ரத்து செய்துவிடு, காத்திருக்காதே, என் இடத்தை வேறு யாருக்காவது கொடு. எட்டு வரி. முகம் அப்படியே இருந்தது. உலர்ந்த துணிகளை எண்ணிச் சொல்கிற குரல். என் மனைவி நிவேதிதா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பழக்கமில்லாத இடக்கையால் கோப்பையைத் தூக்கியவர் பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டார். அப்போதுதான் அழுதார், தேநீருக்காக அழுகிற மாதிரி.

"அக்கா, அனுப்பிடட்டுமா?"

"நாளைக்கு அனுப்புங்கோ. இண்டைக்கு வேண்டாம்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ராசமணியின் சலவை நாள். துணியைப் போட்டுவிட்டுத் திரும்பியவருக்குப் பதுங்கு அறைக்குள் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தார். கமலாக்கா ஒரு வண்ணக் குழாயைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கி, குனிந்து, மூடியைப் பல்லால் திருகிக்கொண்டிருந்தார். உதட்டில் வெள்ளை.

"ஐயோ அக்கா, பல்லை விடுங்கோ! நஞ்செல்லே அது! எனக்கு ரெண்டு கை கிடக்குத்தானே, கூப்பிட்டா என்ன?"

ராசமணி மூடியைத் திறந்தார். எவ்வளவு என்று கேட்டுப் பிதுக்கினார். அடுத்த குழாயையும் திறந்தார். அதற்குள் இயந்திரம் நின்று, அவருடைய துணி ஒருமணி நேரம் உள்ளேயே கிடந்தது. மாலையில் அருளானந்தன் என்னிடம் வந்து, அந்தக் கடிதத்தை அழித்துவிடச் சொன்னார். "நான் சாப்பாடு தீத்திவிடுவன் தம்பி. சீப்பாலை தலை இழுத்துவிடுவன். படத்தை என்னாலை தீத்தேலாது. அவ கீறினாத்தான் உண்டு. கீறட்டும்."

அதற்குப் பிறகு நிலவறை மாறிவிட்டது. ராசமணி தினமும் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்து வண்ணம் பிதுக்கினார். முதியோர் இல்லத்தில் பணிபுரியும் சிறிதேவி தன் ஓய்வு நாட்களில் தூரிகை கழுவினார். கிழவர்களின் பல்செட்டைக் கழுவுகிற அதே கவனத்தோடு. அருளானந்தன் சட்டங்களில் துணியை இழுத்து ஆணி அடித்தார். நான் மரம் அறுத்தேன். நேராக அறுக்கவில்லை என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். நிலவறை விளக்குகள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாமாக அணைந்துவிடும். யாராவது ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருநாள் அவை அணையவே இல்லை. பியோர்ன் வந்து எதையோ மாற்றிவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்லப் போன கமலாக்காவிடம், எதற்கு என்று தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

ஆனால் இடக்கை கேட்கவில்லை. கோடு நடுங்கியது, ஓரம் தொய்ந்தது. பகலெல்லாம் வரைந்ததைச் சாயங்காலம் கத்தியால் சுரண்டி எடுத்தார். அப்போது உண்மையிலேயே கீறினார். ஐந்து வாரம் இப்படிப் போனது. ஏப்ரல் நடுவில் ஒருநாள், சுரண்டுவதற்காகக் கத்தியை எடுத்தபோது ராசமணி தடுத்தார். எனக்கு அன்று விடுமுறை, நானும் இருந்தேன்.

"பொறுங்கோ அக்கா. இதை ஏன் சுரண்டுறியள்?"

"பாக்கேல்லையே கோட்டை? குடிச்சவன் நடந்த மாதிரி."

ராசமணி தலையைச் சாய்த்துப் பார்த்தார். பழைய படம் ஒன்றைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தார். "எனக்குப் படம் விளங்காது. ஆனா இதுகள் எல்லாம் அயர்ன் பண்ணின மாதிரிக் கிடக்கு. இது இப்ப மெஷினுக்குள்ளையிருந்து எடுத்தது மாதிரி. நல்லாப் பிழியேல்லை. தொட்டா கை நனையும்."

கமலாக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. கத்தியும் கையுமாகப் போய் முக்காலியில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "பதினொரு வருசம் நனைஞ்ச துணி தூக்கினனான். இடுப்பு, நாரி முறிய முறியத் தூக்கினனான். ஒருநாளும் அதின்ரை பாரத்தைக் கீறேல்லை. காஞ்சதைத்தான் கீறினனான்."

அன்றைக்குப் பிறகு எதையும் சுரண்டவில்லை.

ஆகஸ்டில் ஒன்பது படங்கள் பெட்டியில் ஏறின. இரண்டு குறைவு. ஆறு இடக்கைப் படங்கள். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று ஹெலன் தொலைபேசியில் அழைத்தார். கமலாக்கா ஒலிபெருக்கியைப் போட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். "கமலா, உன் பழைய படங்களை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன், இவற்றைப் பார்த்தவர்களுக்கு அவை பிடிக்காமல் போய்விடும்" என்றார். ராசமணிக்கு ஆங்கிலம் அவ்வளவு போதாது. "என்னவாம்? பிடிக்கேல்லையாமோ?" என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். நான் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. ஒரு நாளிதழ் விமர்சகர், ஓவியரின் கை தன் உறுதியை இழந்துவிட்டது என்று எழுதினார். கமலாக்கா அந்தத் துண்டை வெட்டி இரும்புக் கதவில் ஒட்டியிருக்கிறார். "உண்மையைத்தானே எழுதியிருக்கிறார் மனிசன்." ஐந்து படங்கள் விற்றன. ஆகப் பெரியதை ஒரு நகர அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது.

அடுத்த தை மாதம் அடிலெய்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. படம் வாங்கிய ஒருவர், சட்டத்தை மாற்றுவதற்காகச் சுவரிலிருந்து இறக்கியிருக்கிறார். பின்பக்கத் துணியில் பென்சிலால் ஏதோ அயல் எழுத்து, அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, அது என்ன என்று கேட்டிருந்தார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. இடக்கைப் படங்கள் ஆறின் பின்னாலும் கமலாக்கா எழுதியிருந்தார். 'வெள்ளை பிதுக்கினது ராசமணி. தூரிகை கழுவினது சிறிதேவி. ஆணி அடித்தது என்ரை அவர். விளக்கு பியோர்ன். மரம் அறுத்தது மேல்வீட்டுத் தம்பி, கொஞ்சம் கோணல்.' இடக்கை எழுத்து, குழந்தை எழுதியது போல.

"சொல்லவே இல்லையே, அக்கா" என்றேன்.

"படத்துக்குச் சொன்னனான். அது காணும்தானே, வேறை என்ன வேணும்?"

ராசமணி மட்டும் ஒன்று கேட்டார்: "அப்ப நான் அவுஸ்திரேலியாவிலை சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறனோ?"

வலக்கை மெல்லத் திரும்பியது. கடைசி இரண்டு விரல்களில் இன்னும் உணர்ச்சியில்லை. குளிர்காலத்தில் மரத்துப் போகும். இப்போது படத்தின் நடுவை வலக்கையால் வரைகிறார், ஓரங்களை இடக்கைக்குக் கொடுத்துவிடுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை, இதை எழுதுவதற்காகக் குறிப்பேட்டோடு நிலவறைக்குப் போனேன். வளைந்த ஒரு தலையணை உறையின் கரையில் அவருடைய இடக்கை ஊர்ந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்கு ஒரு வரி அறிமுகம் வேண்டும். "உங்களை எப்படிக்கா போடட்டும்? ஆஸ்திரேலிய ஓவியர்னா, யாழ்ப்பாண ஓவியர்னா, நார்வே ஓவியர்னா?"

தூரிகையை எடுக்காமல் யோசித்தார். "பாஸ்போட்டிலை அவுஸ்திரேலியா. அங்கைதான் நான் கீறப் பழகினனான். ஆனா..."

சலவை அறையிலிருந்து ராசமணியின் குரல் வந்தது. "கமலாக்கா, ஒருக்கா வாறியளே?"

தூரிகையை வைத்துவிட்டுக் கமலாக்கா எழுந்தார். கைகளைச் சட்டையின் பின்பக்கம் மாறி மாறித் துடைத்து, நகக்கண்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தார். ராசமணி இரட்டைக் கட்டிலுக்கான பெரிய விரிப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு முனைகளை நீட்டினார். கமலாக்கா அவற்றை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார், கதவுவரை. இருவரும் ஒரே நேரத்தில் சுண்டினார்கள். விரிப்பு உப்பி எழுந்து தாழ்ந்தது. பிறகு கமலாக்கா தன் முனைகளை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்துபோய், ராசமணியின் கைகளில் அவற்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த மடிப்புக்காகக் கீழே தொங்கிய விளிம்பை எடுக்கக் குனிந்தார்.